இருபது பேரின் நேரம்: ரெய்டுக்குத் தயாராவதும் அங்கே நடந்துகொள்வதும்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற ஆன்லைன் விளையாட்டுகளில், கூட்டமாகச் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தப் போவதுதான் ரெய்டு. வார்கிராஃப்டில் மிகக் கடினமான வகையான மித்திக் ரெய்டு 20 பேருக்கென்று அளவெடுத்துச் செய்தது. அதில் ஒருவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், காத்திருக்கும் 19 பேருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் போகிறது. கூட்டிப் பார்த்தால் 95 நிமிடம். வேலை முடித்து வந்தவர், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தவர், மறுநாள் தேர்வு இருந்தும் வருகிறேன் என்று சொன்னதற்காக வந்தவர் என்று பலர் தங்கள் அன்றாடத்திலிருந்து ஒதுக்கிக் கொண்டுவந்த நேரம் அது. ரெய்டு மரியாதை என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

நான் ஹீலராக, அதாவது மற்றவர்களின் உயிரை ஏற்றிக் காப்பவனாக, ரெய்டுக்குள் வந்தவன். பிறகு ரெய்டு நடத்தும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டசி 14, டெஸ்டினி 2 என்று வெவ்வேறு விளையாட்டுகளில், வெவ்வேறு கில்டுகளோடு (நிலையான ஆட்டக்காரர் குழுக்களோடு) ஆடியிருக்கிறேன். திறமை போதாமல் கலைந்த குழுக்களை அவ்வளவாகப் பார்த்ததில்லை. நேரத்துக்கு வராததாலும், தயாராக வராததாலும், வைப் ஆன பிறகு, அதாவது எல்லோரும் செத்து விழுந்த பிறகு, பேசிய பேச்சாலும் கலைந்த குழுக்களைத்தான் நிறையப் பார்த்தேன். முதன்முறை ரெய்டுக்குப் போகப்போகிறவர்களுக்கும், போய்விட்டு மனம் நொந்து திரும்பியவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

2004-இல் வார்கிராஃப்ட் வெளியானபோது மோல்டன் கோர் ரெய்டுக்கு 40 பேர் போவார்கள். 2007-இல் வந்த கராஸானுக்குப் பத்தே பேர். ஃபைனல் ஃபேன்டசி 14-இன் வழக்கமான ரெய்டுக்கு எட்டுப் பேர்: முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் இரண்டு, ஹீலர் இரண்டு, எதிரியை அடித்துச் சாய்க்கும் டிபிஎஸ் நான்கு. டெஸ்டினியில் ஆறு பேர்தான். ஆள் குறையக் குறைய ஒவ்வொருவரின் பங்கும் கனமாகிறது. நாற்பது பேரில் நாலு பேர் அரைத்தூக்கத்தில் இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஆறு பேரில் ஒருவர் கவனம் சிதறினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

படிக்க வேண்டியது எவ்வளவு

"கைடு பார்த்துட்டு வாங்க" என்று எல்லா ரெய்டு லீடரும் சொல்வார்கள். புதியவர் இருபது நிமிட வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டு வருவார். வந்து நின்றதும் எதுவும் நினைவிருக்காது. அவரைக் குறை சொல்ல முடியாது, அத்தனை விவரத்தையும் ஒரே மூச்சில் மனதில் ஏற்ற யாராலும் ஆகாது. நான் புதியவர்களிடம் மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடச் சொல்வேன். இந்த பாஸ், அதாவது ரெய்டின் பெரிய எதிரி, செய்வதில் எது என்னைக் கொல்லும்? எது என் மூலமாக மற்றவர்களைக் கொல்லும்? டேங்க், ஹீலர், டிபிஎஸ் என்ற மூன்றில் என் இடத்துக்கென்று இருக்கும் தனி வேலை என்ன?

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. மோல்டன் கோரில் பேரன் கெடன் என்று ஒரு பாஸ் உண்டு. திடீரென்று யாராவது ஒருவர் மேல் வெடிகுண்டை ஏற்றிவிடுவான். சில நொடிகளில் அது வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போகும். குண்டு ஏறியவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கூட்டத்தை விட்டு ஓடுவது. நாற்பது பேர் ரெய்டில் மறைந்துகொள்ளலாம் என்று நினைத்தவரைக்கூட அந்த பாஸ் ஒரு நொடியில் மேடையேற்றிவிடும். தன் திரையில் தன் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தவரால் முழு ரெய்டும் சாய்வதை வார்கிராஃப்ட் ஆடிய எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு உதாரணம் ஹீலர்களுக்கானது. வார்கிராஃப்டின் நக்ஸ்ரமாஸ் ரெய்டில் கிராப்யுலஸ் என்ற பாஸ் ஒருவருக்கு நோய் ஊசி போடும். அது தானாக முடிந்தாலும் சரி, ஹீலர் டிஸ்பெல் செய்து எடுத்தாலும் சரி, அந்த ஆள் நிற்கும் இடத்தில் விஷப்புகை கிளம்பிப் பரவும். ஆகவே ஊசி விழுந்தவர் அறையின் ஓரத்துக்கு ஓட வேண்டும். அவர் ஓரம் சேர்ந்த பிறகுதான் ஹீலர் அதை எடுக்க வேண்டும். டிஸ்பெல் செய்யக்கூடிய எதைப் பார்த்தாலும் உடனே எடுத்துவிடுவது நல்ல ஹீலரின் கைப்பழக்கம். இந்த பாஸிடம் அந்த நல்ல பழக்கமே கூட்டத்தின் நடுவில் விஷத்தைக் கொட்டும். கைடில் ஒரே வரியில் கடந்துபோகும் விஷயம்தான், ஆனால் அந்த ஒரு வரியைத்தான் ஹீலர் தேடிப் படிக்க வேண்டும்.

என் மூலமாக மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியின் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2005 செப்டம்பரில் நடந்ததைச் சொல்லலாம். வார்கிராஃப்டின் ஜுல்குரூப் ரெய்டில் ஹக்கார் என்ற பாஸ் ஏற்றும் 'கரப்டட் பிளட்' பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றக்கூடியது. ஆட்டக்காரர்களின் செல்லப்பிராணிகள் வழியாக அது ரெய்டுக்கு வெளியே கசிந்து, விளையாட்டின் பெரிய நகரங்களில் பரவி, கூட்டங்கூட்டமாக ஆட்களைச் சாய்த்தது. பின்னாளில் தொற்றுநோய் ஆய்வாளர்களே அதை எடுத்துவைத்து, ஆபத்துக் காலத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று யோசித்தார்கள்.

பையில் என்ன இருக்கிறது

பொருள் தயாரிப்பு சலிப்பான வேலை. ஆனால் ஒருவர் ரெய்டை எப்படி மதிக்கிறார் என்பது அதில்தான் முதலில் தெரியும். ஆயுதம், கவசத்துக்கு கூடுதல் பலம் தரும் என்சான்ட் போட்டிருக்கிறதா, ஜெம் (கல்) பதித்திருக்கிறதா என்பதை எந்த லீடரும் ஒரே சொடுக்கில் பார்த்துவிட முடியும். அதில் காலி இடம் தெரிந்தால், கைடு படித்திருப்பார் என்ற நம்பிக்கையும் அவருக்குப் போய்விடும். எண்ணிக்கையில் அது சின்ன பலமாக இருக்கலாம், ஆனாலும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வார்கிராஃப்டில் ஒவ்வொரு சாவுக்கும் கவசத்தின் தேய்மானம் பத்து சதவீதம். புது பாஸைக் கற்றுக்கொள்ளும் இரவில் பத்துத் தடவை சாவது சர்வசாதாரணம். பாதி தேய்ந்த கவசத்தோடு வந்தவர் நடுவில் நகரத்துக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வர வேண்டியிருக்கும், மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரெய்டுக்கு முன் ரிப்பேர் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிறிது நேரத்துக்குப் பலன் தரும் ஃப்ளாஸ்க், போஷன், சாப்பாடு இந்த மூன்றும் ஒன்றல்ல என்பதும் புதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வார்கிராஃப்டில் ஃப்ளாஸ்க்கின் பலன் செத்தாலும் நிற்கும், சாதாரணச் சாப்பாட்டின் பலன் செத்தவுடன் போய்விடும். எனவே சாப்பாடு நிறைய வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் சாப்பாட்டின் பலன் 30 நிமிடம், அது முடியப்போகிறதா என்று ஒவ்வொரு ரெடி செக்கின்போதும் (எல்லோரும் தயாரா என்று லீடர் கேட்கும்போது) பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு எடுத்துப்போவது என்று கேட்டால், நமக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக என்பேன். பக்கத்தில் ஒருவரிடம் இல்லையென்றால் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவரை கில்டு மறப்பதில்லை. வாரா வாரம் வாங்கிக்கொண்டே இருப்பவரையும் மறப்பதில்லை.

அப்டேட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வார்கிராஃப்டின் வாராந்திர ரீசெட், அதாவது ரெய்டை மறுபடி முதலிலிருந்து திறந்துவிடும் நாள், வட அமெரிக்காவில் செவ்வாய், ஐரோப்பாவில் புதன். பராமரிப்பும் புதிய பேட்ச்சும் பெரும்பாலும் அன்றுதான் வரும். பல கில்டுகளின் ரெய்டு இரவும் அதே நாள்தான். ரெய்டு தொடங்கும் நேரத்தில் கணினியைத் திறந்து, பல ஜிபி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரை எல்லாக் குழுவிலும் காணலாம். மதியமே ஒருமுறை திறந்து பாருங்கள். ஆட்-ஆன் (விளையாட்டோடு சேர்ந்து ஓடும் துணைக்கருவி) வைத்திருந்தால் அதையும் புதுப்பித்து, உள்ளே நுழைந்து ஒரு பயிற்சிப் பொம்மையை அடித்துப் பார்த்து, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆட்-ஆன் விதி விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். வார்கிராஃப்ட் ஆட்-ஆன்களுக்கு இடம் தருகிறது, எதுவரை போகலாம் என்ற எல்லையை மட்டும் அவ்வப்போது மாற்றும். ஃபைனல் ஃபேன்டசி 14-இன் விதிமுறை வெளிக்கருவிகளையே அனுமதிப்பதில்லை. ஒரு விளையாட்டின் பழக்கத்தை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கணக்குக்கே ஆபத்து வரலாம்.

திரையை ஒழுங்குசெய்வதும் தயாரிப்புதான். நான் ஹீலராக இருந்து கற்றது இது: ரெய்டில் சாகிறவர்களில் பலர் கை மெதுவாக இருந்ததால் சாவதில்லை. தங்கள் மேல் விழுந்த டிபஃப்பின் (கெடுபலனின்) படம் திரையின் மூலையில், கடுகு அளவில் இருந்ததால் சாகிறார்கள். அதைப் பெரிதாக்கி, கண் எப்போதும் இருக்கும் இடத்துக்கு, அதாவது நம் பாத்திரத்தின் அருகே கொண்டுவாருங்கள். ஹீலர் என்றால் எல்லோருடைய உயிர்க்கோடுகளையும் திரையின் நடுவுக்குக் கீழே வையுங்கள், தரையில் விழும் ஆபத்து வட்டங்களும் அந்தக் கோடுகளும் ஒரே பார்வையில் வரட்டும். இதைச் செய்த பிறகு "இவர் திடீர்னு நல்லா ஆடுறாரே" என்று மற்றவர்கள் வியந்ததை நான் பார்த்திருக்கிறேன். கண் பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தொடங்கியதுதான் காரணம்.

வருகிறேன் என்றால்

ரெய்டுக்குப் பதிவு செய்யும்போது 'வருகிறேன்', 'வரமாட்டேன்', 'பார்க்கலாம்' என்று மூன்று பொத்தான் இருக்கும். 'வரமாட்டேன்' என்று சொல்ல நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். லீடராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முந்தின நாளே வரும் 'வரமாட்டேன்' எனக்குப் பெரிய உதவி. வேறு ஆள் தேட நேரம் கிடைக்கிறது. கடைசி நிமிடம்வரை 'பார்க்கலாம்' என்று இருப்பவரால்தான் 19 பேரும் வாசலில் நிற்கிறார்கள்.

எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு முதல் புல், அதாவது பாஸோடு முதல் சண்டையின் தொடக்கம். பத்து நிமிடம் முன்னதாகவே உள்ளே நின்று, மைக் வேலை செய்கிறதா என்று பார்த்து, பலம் கூட்டும் பஃப் போட்டு, தண்ணீர் எடுத்துவைத்துக்கொண்டு தயாராக இருப்பதுதான் நேரத்துக்கு வருவது. வெவ்வேறு நாடுகளிலிருந்து ஆடும் குழு என்றால் எட்டு மணி யாருடைய எட்டு மணி என்பதையும் எழுதிவையுங்கள். சர்வர் நேரத்தையே எல்லோரும் பின்பற்றுவது நல்லது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடைக்காலக் கடிகார மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களுக்கும், அக்டோபர் இறுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை ஒரு வாரத்துக்கும் இரண்டு இடங்களுக்கும் உள்ள நேர இடைவெளி மாறிப்போகும். கடிகாரத்தையே மாற்றாத நாட்டில் இருப்பவர் அந்த வாரங்களில் ஒரு மணி நேரம் முன்போ பின்போ வந்து நின்று குழம்புவார். அவர்மேல் கோபப்படுவதற்கு முன் லீடர் அந்த வாரம் ஒரு அறிவிப்புப் போட்டிருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள், இந்த இரண்டு மணி நேரம் நான் ஒரு குழுவோடு இருக்கிறேன் என்று. ஆனால் குழந்தை அழுதாலோ யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றாலோ, சண்டையின் நடுவில் இருந்தாலும் எழுந்து போங்கள். "போறேன்" என்று ஒரு சொல் போதும். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் குழுவில் தொடர்ந்து இருக்க வேண்டிய அவசியமில்லை.

வாயும் மைக்கும்

சண்டை நடக்கும்போது பேச்சு ஒரு பொதுச்சொத்து. அதை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு இல்லாமல் போகிறது. பொத்தானை அமுக்கினால் மட்டும் மைக் திறக்கும் புஷ் டு டாக் வைத்துக்கொள்ளுங்கள். விசிறிச் சத்தமும் கீபோர்டுத் தட்டலும் 'ஓடு' என்ற ஒரு சொல்லை விழுங்கிவிடும். சொல்ல வேண்டியதைப் பெயரோடு தொடங்கி இரண்டு மூன்று சொல்லில் முடிக்க வேண்டும்: யார், என்ன, எங்கே. "ஐயோ, யாராவது வாங்களேன்" என்பதால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

டெஸ்டினி 2 ரெய்டுகளில் இது இன்னும் கறாராகும். 2022-இல் வந்த 'வவ் ஆஃப் தி டிசைப்பிள்' ரெய்டில் சுவரில் தெரியும் சின்னங்களை ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் வேறு அறையில் அதைச் சுட வேண்டும். ஒரே சின்னத்தை ஒருவர் மீன் என்பார், இன்னொருவர் கண் என்பார். ஆகவே உள்ளே நுழைந்ததும் சின்னங்களுக்குப் பெயர் ஒத்துக்கொள்வதுதான் முதல் வேலை. யாருடைய பெயர் சரி என்று வாதாடத் தேவையில்லை, ஆறு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் போதும். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் இதே வேலையைத் தரையில் வைக்கும் எழுத்து, எண் குறிகள் செய்கின்றன. நாம் பழகிய குழுவில் வடக்கே நின்றோம் என்பதற்காகப் புதுக் குழுவிலும் வடக்கே போய் நிற்கக் கூடாது. கேட்டுவிட்டு நில்லுங்கள்.

செத்தவர் பேசாமல் இருப்பதும் மரியாதைதான். தரையில் கிடப்பவருக்கு எல்லோருடைய தப்பும் பளிச்சென்று தெரியும், சொல்லத் தோன்றும். உயிரோடு இருப்பவர்களுக்கு அப்போது காதும் கண்ணும் வேண்டும். அதேபோல, நம்மை எழுப்பிவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். சண்டைக்குள் எழுப்பும் வாய்ப்பு அளவாகத்தான் கிடைக்கும், யாரை எழுப்புவது என்று லீடருக்கோ ஹீலருக்கோ தெரியும். வார்கிராஃப்டில் பிளட்லஸ்ட்டும் அப்படித்தான்: 40 நொடி எல்லோருடைய வேகத்தையும் 30 சதவீதம் கூட்டும், பிறகு பத்து நிமிடத்துக்கு மறுபடி கிடைக்காது. அதை எப்போது போடுவது என்பது குழுவின் முடிவு. தன் அடிக்கணக்கைக் கூட்டிக்கொள்ள ஒருவர் இஷ்டத்துக்குப் போட்டால், கடைசிக் கட்டத்தில் பாஸின் நேரக்கெடு முடிந்து எல்லோரும் சாக வேண்டியதுதான்.

புல் செய்வது டேங்க்கின் வேலை. ரெடி செக் வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். தயாராக இல்லாமல் 'ரெடி' அமுக்கிவிட்டுச் சாப்பாடு தேடிக்கொண்டிருப்பதால் நடக்கும் வைப்புகள் தவிர்க்கவே கூடியவை.

வைப் ஆன பிறகு

ஒரு குழுவின் குணம் தெரிவது எல்லோரும் செத்துக் கிடக்கும் அந்த அரை நிமிடத்தில்தான். கிராப்யுலஸ் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தச் சண்டையிலேயே ஒருமுறை பாஸுக்கு ஒரு சதவீதமும் மிச்சமில்லாத நிலையில் சாய்ந்தோம். வாய்ஸில் யாரும் பேசவில்லை. பிறகு, குழுவுக்குப் புதிதாக வந்திருந்த ஹீலர் பையன் மெதுவாகச் சொன்னான்: "சாரிண்ணா, என்னாலதான். அவர் ஓரத்துக்குப் போறதுக்குள்ள எடுத்துட்டேன்."

அன்று ரெய்டை நடத்தியவர் பெரிதாக எதுவும் பேசவில்லை. "சரிப்பா. இனிமே ஊசி விழுந்தவங்க ஓரத்துக்குப் போனதும் 'வந்துட்டேன்'னு சொல்லுங்க. அதைக் கேட்டப்புறம் நீ எடு. ஓடி வாங்க எல்லாரும், போகலாம்."

அவ்வளவுதான். அதில் பையனை மன்னித்த தோரணை இல்லை, ஆறுதல் உரை இல்லை. தப்பு ஒரு ஆளிடமிருந்து ஒரு வழிமுறைக்கு நகர்ந்தது. ஹீலர் தூரத்தைக் கண்ணால் ஊகிக்க வேண்டியிருந்த இடத்தில், ஓடுகிறவரே சொல்லும் ஏற்பாடு வந்தது. அதன் பிறகு அந்தக் குழுவில் தப்பைச் சொல்ல யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள். யாரால் என்று தேடும் குழுவில் ஆட்கள் தப்பை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். பிறகு ஐந்து வைப்புக்கு ஒரே காரணம் இருக்கும், ஒருவருக்கும் தெரியாது.

தப்புச் செய்தவர் "என்னால்தான், இதுதான் நடந்தது" என்று ஒருமுறை சொன்னால் போதும். பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டால் மற்றவர்கள் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அதுவும் நேரம்தான். இணையம் திணறி லேக் வந்தது, பூனை மேசைமேல் ஏறியது என்பவற்றை, உண்மையாகவே இருந்தாலும், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். மற்றவர் தப்பைச் சொல்ல வேண்டிவந்தால் தனியாக எழுதிச் சொல்லுங்கள். பொதுவில் பேசும் உரிமை லீடருக்கு மட்டும் இருக்கட்டும். ஒரே நேரத்தில் ஐந்து பேர் யோசனை சொன்னால், அதில் நாலு நல்ல யோசனையாக இருந்தாலும் அடுத்த புல் குழப்பமாகத்தான் இருக்கும்.

லாக் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வார்கிராஃப்டில் ஒவ்வொரு சண்டையின் பதிவையும் பிறகு எடுத்துப் பார்க்க முடியும். யார் எதில் செத்தார், எந்த நொடியில் செத்தார் எல்லாம் தெரியும். அது அருமையான கருவி. ஆனால் பலர் அதில் முதலில் பார்ப்பது தங்கள் டிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு அடித்தோம் என்ற கணக்கு) எத்தனையாவது இடம் என்பதை. எண்ணுக்காக வட்டத்தை விட்டு நகராமல் அடித்தவர் மேலே இருப்பார், அவரைக் காப்பாற்ற ஹீலர் செலவழித்தது அந்தப் பட்டியலில் தெரியாது. சாவுப் பட்டியலை முதலில் திறக்கும் குழுதான் அடுத்த வாரம் பாஸை முடிக்கும் என்பது என் நம்பிக்கை.

லூட்

நல்ல நண்பர்கள் பேசாமல் போனது லூட்டால்தான், பாஸ் செத்தால் கிடைக்கும் பொருளால். இது புதிய தலைவலி அல்ல. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டிலேயே லார்ட் நாகஃபென், லேடி வாக்ஸ் என்ற இரண்டு டிராகன்களைக் கொல்லப் பெருங்கூட்டம் போகும், கிடைப்பதோ ஒன்றிரண்டு பொருள். யாருக்குக் கொடுப்பது என்று தீர்க்கத்தான் டிகேபி என்ற புள்ளிக் கணக்கு பிறந்தது: வந்தால் புள்ளி, பொருள் எடுத்தால் கழிவு. வார்கிராஃப்ட் தன் பங்குக்குப் பல வழிகளை முயன்றது. லீடரே பிரித்துக் கொடுக்கும் மாஸ்டர் லூட் முறையை 2018-இல் நிறுத்தியது. 2022-இல் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தோடு, குழுவாகப் பகடைபோல் உருட்டி எடுக்கும் முறை ரெய்டுக்குத் திரும்பியது. பழைய வார்கிராஃப்டை மீட்டுத் தரும் கிளாசிக் பதிப்பில், விளையாட்டுத் தங்கத்துக்கு ஏலம் விடும் ஜிடிகேபி பரவி, 2024-இல் அதன் சீசன் ஆஃப் டிஸ்கவரி வகையில் அதற்குத் தடை வந்தது.

எந்த முறை சிறந்தது என்பதில் எனக்கு உறுதியான கருத்தில்லை. எந்த முறை என்பதை முதல் புல்லுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதில் உறுதியான கருத்து உண்டு. பொருள் கீழே விழுந்த பிறகு எந்த விதி சொன்னாலும் அது யாருக்கோ சாதகமாகத்தான் தெரியும். கேட்பவர்களும், முக்கிய பாத்திரத்துக்கா, பக்கவாட்டில் வளர்க்கும் இன்னொன்றுக்கா என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். சின்ன முன்னேற்றம்தான், பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய முன்னேற்றம் என்று தெரிந்தால் விட்டுக்கொடுங்கள். அவர் பலமானால் அடுத்த பாஸ் உங்களுக்கும்தான் எளிதாகும்.

தெரியாதவர்களோடு போகும்போது

கில்டு இல்லாமல், அந்த நேரத்தில் கிடைக்கும் ஆட்களோடு போகும் பக் ரெய்டில் எழுதாத விதிகள் அதிகம். முதல் விதி, அறிவிப்பில் எழுதியிருப்பதைப் படிப்பது. ஃபைனல் ஃபேன்டசி 14-இல் குழு தேடும் இடத்தில் பயிற்சியா, முடிப்பதா, லூட்டா என்று நோக்கத்தைக் குறிக்கும் வசதியே இருக்கிறது. முடிக்க வேண்டும் என்று எழுதிய குழுவில் பாதிச் சண்டையைக்கூடப் பார்க்காதவர் நுழைந்தால் மற்ற ஏழு பேரையும் ஏமாற்றுகிறார் என்றுதான் சொல்வேன். பயிற்சிக் குழு கௌரவக் குறைச்சல் இல்லை, அங்கே சேர்ந்தால் எல்லோரும் கற்கத்தான் வந்திருப்பார்கள். புதிய சாவேஜ் (கடினமான வகை) ரெய்டில் அந்த வாரம் ஏற்கெனவே முடித்தவர் உள்ளே வந்தால் குழுவுக்குக் கிடைக்கும் பரிசுப் பெட்டிகள் குறையுமா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உதவிக்குப் போகிறவரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் தடவை என்றால் முதல் தடவை என்று சொல்லுங்கள். ஒருசிலர் வெளியே அனுப்புவார்கள், பரவாயில்லை. "புதுசா? வாங்க, என் பின்னாலயே நில்லுங்க" என்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப் பிடிப்பதற்கும் அந்த உண்மைதான் வழி. எளிய ரெய்டுக்குக்கூட 'ஏற்கெனவே முடித்திருக்க வேண்டும்' என்று நிபந்தனை போடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லோரும் அப்படியே கேட்டால் புதியவர் எங்கே போய் முடிப்பார்?

இரண்டு வைப் ஆனதும் ஒரு சொல்கூட இல்லாமல் மறைந்துபோவதுதான் பக் ரெய்டின் பெரிய நோய். எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. "இன்னும் ரெண்டு புல் இருப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புபவரை யாரும் குறை சொல்வதில்லை.

லீடர்களுக்கும் கடமை உண்டு. மணிக்கொருமுறை ஐந்து நிமிட இடைவேளை விடுங்கள், அது எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து மணிக்கு முடியும் என்றால் பத்து மணிக்கு முடியட்டும். பாஸ் சாகும் தறுவாயில் இருக்கிறது, இன்னும் ஒரு புல் வேண்டும் என்றால் கேளுங்கள். கேட்டால் ஒருவராவது முடியாது என்று சொல்ல இடம் வேண்டும். காத்திருப்பில் வைத்த ஆளுக்கு, இன்று வேண்டுமா வேண்டாமா என்பதை ரெய்டு தொடங்கும் முன்பே சொல்லுங்கள். கணினி முன் வெறுமனே உட்கார்ந்து அழைப்புக்குக் காத்திருந்தவரின் இரவும் அந்த 95 நிமிடக் கணக்கில் சேரும்.

கில்டை விட்டு விலகுவதாக இருந்தாலும் ரீசெட்டுக்கு முன்பே சொல்லிவிட்டு விலகுங்கள். புதிய வாரம் தொடங்கும்போது உங்கள் இடத்துக்கு ஆள் தேட லீடருக்கு இரண்டு மூன்று நாளாவது வேண்டும். கில்டு வங்கியில் எடுத்த ஃப்ளாஸ்க் மிச்சமிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.